பதினேழாம் எண் பேருந்திலிருந்து ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, நான், என் இடது கால் செருப்பு ஆகிய மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், உங்கள் ரத்த அழுத்தமும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய மூன்று பக்க மின்னஞ்சல் கிடைத்தது. கிடங்கு மேலாளர் அல்லவா, என் ஒவ்வொரு குற்றத்துக்கும் எண் போட்டிருக்கிறீர்கள். ஒன்று முதல் ஆறு வரை என் வலைப்பூ. ஏழு முதல் ஒன்பது வரை என் பேருந்துப் பயணமும் அதனால் குறைந்த வருகைப் பதிவும். பத்தாவது, வரும் திங்களுக்குள் நான் கல்லூரி விடுதியில் சேர வேண்டும், அறைகூடச் சொல்லி வைத்தாயிற்று என்பது. போனில் பதில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடுதிக்குப் போக மாட்டேன், வலைப்பூவையும் மூட மாட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பதினேழாம் எண் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். அது எப்போது வரும் என்று சொல்ல ஒரு செயலி இருக்கிறது. 'மூன்று நிமிடத்தில் வரும்' என்று அது இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறியபின் எனக்குக் கிடைப்பது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை. முழங்கால் மோவாயைத் தொடும். அங்கே கட்டைவிரலால் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் எழுத்துப் பிழை. ஆகவே குரலால் எழுதும் வசதிக்கு மாறினேன். நாம் பேசப் பேச போன் எழுதிக்கொள்ளும். 'தொழில்நுட்பமும் தனிமையும்' என்ற என் ஆழமான கட்டுரையை அப்படித்தான் சொல்லி முடித்து, திருப்பிப் படிக்காமல் வெளியிட்டேன். அது இப்படி வந்திருந்தது: "தொழில்நுட்பம் மனிதர்களை இணைக்கிறது என்கிறார்கள் ஆனால் உண்மையில் கொஞ்சம் தள்ளி உக்காரும்மா முழங்கால் மடங்க மாட்டேங்குது தைலம் தேச்சும் கேக்கல ஆகவே நவீன மனிதன் தனிமையானவன்."

அதுவரை என் வலைப்பூவுக்குப் பத்தொன்பது வாசகர்கள். அதில் நான்கு பேர் நானே, வேறு வேறு கணினியிலிருந்து. அந்தக் கட்டுரைக்கு மறுநாள் அறுநூறு பேர் வந்தார்கள். 'முழங்கால் அக்கா இன்று என்ன சொன்னார்?' என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தனிமையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து இருக்கை அக்கா பேசுவதை அப்படியே எழுத ஆரம்பித்தேன். அவரிடம் கேட்காமல்தான் எழுதினேன். உங்கள் பட்டியலில் ஏனோ இது விடுபட்டிருக்கிறது. பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கையில் போன வியாழக்கிழமை கல்லூரி அறிவிப்புப் பலகையில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். என் எண்ணுக்கு நேரே எழுபத்து நாலு புள்ளி ஆறு. எழுபத்தைந்து இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். அறுபத்து மூன்று நாளில் நாற்பத்தேழு நாள் வந்திருக்கிறேனாம். இன்னும் ஒரே நாள் வந்தால் எழுபத்தைந்து. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். காலை ஒன்பது மணிக்குள் வாசலில் உள்ள இயந்திரத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒரு வருடம் போச்சு. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் யார் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, கண்டுபிடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு பேருந்து முன்னதாகவே ஏறிவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் முழங்கால் அக்கா. சீருடை தைக்கும் கூடத்தில் தையல்காரராக இருக்கிறார். உட்கார்ந்ததும் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எம் பொண்ணு காட்டுனா. இது நான்தானே?"

என் வாழ்நாளில் முதல்முறையாக, இந்தப் பேருந்து இப்படியே நின்றுபோனால் தேவலை என்று நினைத்தேன். மேம்பாலத்தின் நடுவில் அது அப்படியே நின்றுபோனது. முன்பக்கம் புகை. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்கிக்கங்க, இது இன்னைக்கு எந்திரிக்காது" என்றார். மணி எட்டு இருபத்திரண்டு. செயலியைப் பார்த்தேன். அடுத்த பேருந்து மூன்று நிமிடத்தில் வரும் என்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. எழுபத்து நாலு புள்ளி ஆறு, ஒன்பது மணி, விரல் ரேகை என்று எல்லாவற்றையும் நடுப்பாலத்தில் நின்று அக்காவிடம் கொட்டினேன். கடைசியாக, "கேக்காம எழுதுனது தப்புக்கா, இன்னைக்கே அழிச்சிடறேன்" என்றேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு கஷ்டம் உனக்கு இருக்கு, அதுல ஒரு வரிகூட நீ எழுதல. எம் முழங்கால மட்டும் நல்லா எழுதத் தெரியுது."

சொல்லிவிட்டு, தைலம் தேய்த்தும் கேட்காத அதே முழங்காலோடு சாலை நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிய ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. வண்டிக்காரர் திட்ட வாயைத் திறப்பதற்குள் அக்கா, "தம்பி, பரிச்சைக்குப் போற புள்ள, காலேஜ் வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போ" என்றார். முன்னால் இடமில்லை. பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஏறிக்கொண்டோம். ஏறும்போதுதான் வலது செருப்பு பாலத்தோடு தங்கிவிட்டது.

"நீங்க ஏங்க்கா வரீங்க? உங்க வேலைக்கு நேரமாகுமே."

"ஒத்தப் பொண்ண தெரியாத வண்டியில ஏத்திவிட்டுட்டு நான் போயி காலர் தைக்கவா? பேசாம புடிச்சிக்க."

எட்டு ஐம்பத்தேழுக்கு வாசல். ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் விரலை வைத்தேன். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது இயந்திரம். வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், எட்டு ஐம்பத்தெட்டு, விரல் வியர்வையில் ஊறிப்போயிருக்கிறது. அக்கா என் கையைப் பிடித்து முந்தானையில் துடைத்தார். "மூக்கு ஓரத்துல விரல தேச்சிட்டு வை. எண்ணெய்ப் பசை ஒட்டும். எங்க கூடத்துல நாங்க பதினோரு பேரு தெனமும் இப்படித்தான்" என்றார். மூக்கைத் தேய்த்து வைத்தேன். எட்டு ஐம்பத்தொன்பதுக்குப் பச்சை விளக்கு எரிந்து, 'நன்றி' என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"பாத்தியா, ஒனக்கு நன்றிங்குது. எனக்கு எவ்வளவு தேச்சாலும் ஒருநாளும் சொன்னதில்ல. ஊசி குத்திக் குத்தி எங்களுக்கு ரேகையே தேஞ்சுபோச்சு. வந்து வேல செஞ்சாலும் வரலைன்னு போட்டுருது."

என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. மதிய இடைவேளையில் பக்கத்து பெஞ்சுக்காரியின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "யாரும்மா நீ?" என்றார். "பஸ்ல இங்க தைக்கிற அக்கா பக்கத்துல உக்கார்றவ" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கதவைச் சாத்திவிட்டார். சனிக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை பதினோரு பேரின் கையெழுத்தோடு ஒரு மனு. ஒவ்வொருவர் விரலையும் அருகிலிருந்து எடுத்த படமும் இருந்தது, எல்லாரிடமும் கேட்டுத்தான் எடுத்தேன். அக்கா சொல்லச் சொல்ல, போனை நம்பாமல் கையாலேயே எழுதி, அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டி, "இந்த எடத்துல கொஞ்சம் காரம் போடு" என்று அவர் சொன்ன இடத்தில் காரமும் போட்டு, வலைப்பூவில் வெளியிட்டேன். இதுவரை நாலாயிரம் பேர் படித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை கூடத்து வாசலில் ஒரு மேசை போட்டு, கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ரேகை பதியாதவர்கள் இனி அதில் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆகையால் மாமா, நீங்கள் சொல்லி வைத்த அறையைத் தயவுசெய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஒன்றேகால் மணி நேரம் வீணாகிறது என்று எட்டாவது குற்றத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்தை வீணாக்காமல் என்னைக் காப்பாற்றியது அந்த ஒன்றேகால் மணி நேரம்தான். தேர்வை எழுதுவேன், தேறுவேன், பேருந்தில்தான் போவேன், எழுதிக்கொண்டும் இருப்பேன். அத்தைக்கு என் அன்பு. தங்கள் மூட்டு வலிக்கு எந்தத் தைலமும் வேண்டாம் என்று முழங்கால் அக்கா சொல்லச் சொன்னார், அனுபவத்தில் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மீறும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: கடிதத்தை அனுப்பப் போகும் நேரத்தில் கல்லூரி வருகைப் பதிவு எழுத்தரிடமிருந்து போன் வந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்தபோது சதவீதமெல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிட்டதாம். எழுபத்து நாலு புள்ளி ஆறு என்னுடையதே இல்லை. எனக்கு எண்பத்தொரு சதவீதம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருக்கலாம். அந்த எழுபத்து நாலு புள்ளி ஆறு எனக்கு அடுத்த எண்ணுக்காரியுடையது. வெள்ளிக்கிழமையும் அவள் பிந்திவிட்டாள். பாவம், இப்போது முதல்வரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் விடுதியில் இருக்கிறாள் மாமா. அறை வாசலிலிருந்து இயந்திரத்துக்கு நாற்பது அடி.