பத்து மாத லீவும் ஆறு ஆரஞ்சு கேக்கும்

லீவு விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது, அதன் மூலையில் ஒரு டீக்கறை புதிதாகச் சேர்ந்திருந்தது. கையெழுத்து மட்டும் சேரவில்லை. தபால் பிரிவு அம்மா அதை மேசையில் வைத்துவிட்டு, துக்கம் விசாரிப்பதுபோல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

கிராம் சார் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார்.

"பத்து மாசமா? என்னய்யா இது, லீவா வனவாசமா?" என்றார் மேனேஜர். "இங்க அதிகாரின்னு இருக்கறதே நீயும் நானும்தான். யாராவது ஒருத்தர் ஆபீஸ்ல இருக்கணுமா வேண்டாமா?"

எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆபீஸ் அது. அரை கிராம் குறைந்தாலும் கடைக்காரரை விடமாட்டார் என்பதால் இன்ஸ்பெக்டருக்குக் கிராம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

வீட்டில் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். கல்யாணமான புதிதில், "அடுத்த வருஷம் உன்னை உலகம் சுத்திக் காட்டறேன்" என்று அவர் வாயை விட்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக அது அடுத்த வருஷத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போதுதான் பதினொரு நாடுகள், பத்து மாதம், வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி புறப்பாடு என்று எல்லாம் கூடி வந்திருந்தது.

"இந்தத் தடவையும் இல்லேன்னா நான் தனியா கிளம்பிடுவேன், ஆமா. நீங்க ஆபீஸ்ல கல்லை எண்ணிக்கிட்டுக் கிடங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"நான் என்னம்மா பண்ணட்டும்? அந்த ஆள் அசைய மாட்டேங்கறான்."

"மொட்டையாப் போய்க் காகிதத்தை நீட்டினா எவன் அசைவான்? கொல்லையில மரம் கொள்ளாம ஆரஞ்சு தொங்குது. நீங்கதான் கேக் புலியாச்சே. ஒண்ணு போட்டுக் கொண்டுபோய்க் குடுங்க."

கேக் விஷயத்தில் அவர் புலிதான். மாவு இருநூற்றைம்பது கிராம் என்றால், ஊதினால் பறக்கிற அளவு கூடியிருந்தாலும் ஸ்பூன் நுனியால் எடுத்து டப்பாவில் திருப்பிப் போடுவார். முட்டைகளைக்கூட எடை பார்த்துத்தான் உடைப்பார். ஆரஞ்சுத் தோலின் மேல்பூச்சை மட்டும் சீவிப் போட்டு, சாறு பிழிந்து ஊற்றி அடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை மணக்கும்.

மறுநாள் மேனேஜர் டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார், மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்யா."

அடுத்த நாள் காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா, என்ன கேக்குய்யா அது! ஆஹா ஓஹோன்னு ஒரே பாராட்டு. திங்கட்கிழமை இன்னொண்ணு கொண்டு வா."

"சார், என் லீவு…"

"பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல கேக் வரட்டும்."

திங்கட்கிழமை இரண்டாவது கேக் போனது. அன்றே விண்ணப்பம் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. இப்படிக் கேக் போடுகிற ஆளைப் பத்து மாதம் எப்படி விட முடியும் என்று மேனேஜர் வருத்தப்பட்டாராம்.

"கேட்டியா கதையை!" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார் கிராம் சார். "எல்லாம் உன் யோசனைதான்!"

"அவ்வளவு நல்லாப் போடச் சொல்லி நானா சொன்னேன்? அடுத்ததைக் கெடுத்துக் குடுங்க. போய்த் தொலையட்டும்னு அவரே விட்டுடுவாரு."

சொல்வது சுலபம். அளவு தப்பாமல் வாழ்ந்த மனிதருக்குத் தப்பாக அளப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கும்போது தராசைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழத்தை வெள்ளைத் தோலோடும் கொட்டையோடும் அரைத்துக் கொட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். வெந்து வந்ததில் ஒரு விள்ளல் தின்று பார்த்த மனைவி, நேராகக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள்.

"பிரமாதம். லீவு நிச்சயம்" என்றாள்.

கேக் போன மறுநாள் மேனேஜர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"இனிப்பு கம்மி, நாக்குல ஒரு கசப்பு… பெரிய மனுஷங்க சாப்பிடற கேக்குன்னா இதுதான்யா! இனிமே இதே மாதிரிதான் வேணும். ரெண்டா கொண்டு வா."

இரண்டு போயின. விண்ணப்பம் ஐந்தாவது முறையாக வந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. வீட்டில் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. சாப்பிட உட்காரவே அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கிராம் சாருக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"மரத்துல பழம் தீர்ந்துபோச்சு சார். இனிமே கேக் கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டார்.

"அடப்பாவமே" என்றார் மேனேஜர். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தவர் விறுவிறுவென்று கொல்லைக்குப் போய், மரத்தை அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. கிராம் சார் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாளியைக் கழுவ ஆரம்பித்தார்.

மேனேஜர் கோபிக்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து கிராம் சாரின் மனைவியிடம் பயணத்தைப் பற்றி விசாரித்தார். குளிர் ஊருக்கு எத்தனை ஸ்வெட்டர், எந்த ஊரில் எங்கே தங்கல், எந்த ரயிலில் ஜன்னல் பக்கம் நன்றாக இருக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பூரித்துப்போய்த் தன் பயண நோட்டையே எடுத்துக் காட்டினாள். அவர் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"பெரிய லீவு பாருங்க, எல்லா விவரமும் தேவைப்படும்" என்றார்.

அவர் போனதும் மனைவி கணவர் மேல் பாய்ந்தாள். "இந்த நல்ல மனுஷனைப் போய் அந்த ஆள், இந்த ஆள்னு திட்டினீங்களே! எவ்வளவு அக்கறை! மீதிப் பழம் பூராவையும் போட்டு ஒரே கேக்கா பண்ணிக் குடுத்துடுங்க."

அப்படியே ஆயிற்று. ஆறாவது கேக் வீட்டு அடுப்பில் நுழையாமல், நாலு தட்டாக வெந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, துணிக்கடை அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தது. பஸ்ஸில் கிராம் சார் அதை மடியில் வைத்துக்கொண்டார். எதிரில் இருந்தவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. மரம் மொட்டையாகிவிட்டது. மேனேஜர் பெட்டியை வாங்கிக்கொண்டு, "இதுல முடிஞ்சிடும்யா, கவலைப்படாதே" என்று தோளில் தட்டினார்.

பதினோராம் தேதி காலை. மேனேஜர் அறை பூட்டியிருந்தது. கிராம் சார் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அப்போது தபால் பிரிவு அம்மா ஓர் உறையோடு வந்தார்.

"உங்க பேருக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து ஆர்டர் சார். சம்மதம்னு அடியில கையெழுத்துப் போடணுமாம்."

அவர் காகிதத்தைப் பிரித்தார். நடுவரியில் 'பத்து மாதங்களுக்கு' என்று அச்சடித்திருந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்துகூட அவர் கண்ணில் ஏறவில்லை. ஊரார் எடையையெல்லாம் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர், பேனாவை எடுத்துச் சடாரென்று கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு வீட்டுக்குப் போன் பண்ணினார்.

"கிடைச்சாச்சும்மா! பத்து மாசம்!"

"நிஜமாவா? என் மேல சத்தியமா?"

"சத்தியமா! இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏங்க… எனக்கு அழுகையா வருதுங்க."

அவருக்கும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தபால் பிரிவு அம்மா போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், போனை வெச்சுடாதீங்க, வீட்ல இதையும் சொல்லிடுங்க: உங்க ஆறு கேக்கையும் தலைமை ஆபீஸ் டைரக்டர் வீட்டுக்குக் குடுத்துத் தனக்குப் பத்து மாச லீவு வாங்கிக்கிட்டு மேனேஜர் காலையிலேயே பிளேன் ஏறிட்டாரு, அவரு திரும்பி வர்ற வரைக்கும் மேனேஜர் நாற்காலியை விட்டு நகர மாட்டேன்னுதான் நீங்க இப்ப கையெழுத்துப் போட்டிருக்கீங்க."