பக்கத்து வீட்டு உத்தமன்

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலையில் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனி என் வீட்டில் ஓப்ரென் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. வீட்டில் இருப்பது நானும் என் மனைவி ஸ்மில்யாவும்தான். ஆகவே சட்டம் முழுக்க அவளுக்குத்தான். அவளிடம் சொல்வது மட்டும் பாக்கி.

ஓப்ரென் பக்கத்து வீட்டுக்காரன். ஒரு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே என் வீட்டை ஆள்கிறான். "ஓப்ரென் சிகரெட்டை விட்டுட்டாராம்" என்றாள் ஸ்மில்யா. மறுநாளே விட்டேன். "அங்க ஓப்ரென்தான் பாத்திரம் கழுவுறாராம்." கழுவினேன். "ஓப்ரென் மீசையை எடுக்கப் போறாராம். பத்து வயசு குறையும்." இருபத்திரண்டு வருஷம் வளர்த்த மீசை. மீசை போனது, வயசு போகவில்லை.

வேலைகூடப் பரவாயில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் குழைகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "ரடோயே" என்று என்னை ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? என்னைக் கூப்பிடுவது, "ஏங்க, குப்பை."

அன்று ஜன்னலோரம் நின்று சொன்னாள்:

"ஓப்ரென் விடியறதுக்கு முன்னாலயே மிளகாய் சுட உக்காந்துட்டாரு. தனியா. கோர்தானாவை அடுப்புப் பக்கமே விடலையாம்."

கோர்தானா அவன் மனைவி. எங்கள் ஊரில் செப்டம்பர் வந்தால் ஐவார் போட வேண்டும். சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, கிளறி, குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்க வேண்டும். கண் எரியும், விரல் எரியும். எனக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது.

ஸ்மில்யாவிடம் சட்டம் பேசுவதைவிட ஓப்ரெனைக் கெடுப்பது சுலபம் என்று பட்டது. உத்தமன் குடித்துவிட்டு முற்றத்தில் உருளுவதை அவள் கண்ணால் பார்க்கட்டும். வீட்டில் காய்ச்சிய பிளம் ரக்கியா ஒரு பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன்.

புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓப்ரென் என்னைக் கண்டதும் முகம் கறுத்தான்.

"வாங்க உத்தமரே. அடுத்த மூட்டையும் முடிச்சாச்சா?"

"நான் முதல் மூட்டையவே பிரிக்கலையே."

"பொய் சொல்லாதய்யா. நேத்தே முப்பது கிலோ சுட்டுட்டியாமே. கோர்தானா சொன்னா. உன்னாலதான் நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன்."

"என்னாலயா?"

"சிகரெட்டை விட்டது யாரால? பாத்திரம் கழுவுறது யாரால? உன் பேரைச் சொல்றப்ப அவ குரலே மாறுதுய்யா. எனக்குக் காது இல்லையா?"

அவன் கை தானாக மேலுதட்டைத் தடவியது. என் கையும் தடவியது.

"மீசையை எப்ப எடுத்த?" என்றேன்.

"நீ எடுக்கப் போறேன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு."

இருவரும் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரே நாள். ஒரே ஞாயிற்றுக்கிழமை.

ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அந்தக் குழைவுகூட நடிப்புதானா? அடுப்பை அணைத்துவிட்டு, தோளோடு தோளாக என் வீட்டு முற்றத்துக்குப் போனோம். அங்கே பெண்கள் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"இன்னிக்கு நாங்க எதையும் தொடப் போறதில்ல" என்றான் ஓப்ரென்.

ஸ்மில்யா பதறவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாங்க பண்ணினது தப்புத்தான். உக்காருங்க, காபி குடிங்க. இனிமே யாரையும் யாரோடயும் ஒப்பிட மாட்டோம்."

"ஆமா" என்றாள் கோர்தானா. "மிச்சத்தை நாங்களே சுட்டுக்கறோம். இவரு ஒரே நாள்ல அம்பது கிலோ சுடுவாரு. ரடோயேவால அது முடியாது. பாவம், எதுக்கு ஒப்பிடணும்?"

"யாரு சொன்னா முடியாதுன்னு?" ஸ்மில்யா மெதுவாகக் கேட்டாள். "எங்க ரடோயே நினைச்சா..."

குரல் குழைந்தது. நடிப்போ என்னவோ, குழைந்தது.

ஓப்ரென் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அம்பதா? இவனா?"

அதற்குள் நான் மூட்டையைப் பிரித்துவிட்டேன். அவன் வேலியைத் தாண்டி ஓடினான்.

இருட்டும்போது நான் ஐம்பத்தொன்று, அவன் ஐம்பது. ஜெயித்தது நான்தான். இவ்வளவு தெம்பு மிச்சமிருக்கே என்று, அவன் சுட்டதையும் சேர்த்து அரைக்கும் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.