வால்வு பதவியில் ஒரு காளை

காங்கேயம் பக்கத்தில் ஒரு பஸ் டிப்போவின் டீசல் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் டீசல் வடிகால் வழியாக ஊர்க் குட்டைக்குப் போகும். அந்த ஊர் விவசாயி செங்கோடனின் காளை குட்டையை மோந்து பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொள்ளும். தாகத்தில் அதற்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அவர் டிப்போவில் மனு கொடுத்தார்.

மக்கள் குறைகளில் மிகுந்த அக்கறை கொண்ட நிர்வாகம், தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, வடிகால் வாயில் ஒரு தானியங்கி வால்வைப் பொருத்தியது. தண்ணீரில் டீசல் கலந்தால் அது தானே மூடிக்கொள்ளும்.

முதல் மழையிலேயே மூடிக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் மேலாளர் தாமஸின் அறைக்குள் புகுந்தது. அவர் நாற்காலி மேல் சம்மணமிட்டபடி பொறியாளர் ஹரிதாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வால்வு எதுக்கு மூடுச்சு?"

"டீசல் வந்துச்சுங்க சார்."

"டிப்போன்னா டீசல் வரத்தான் செய்யும். அதுக்கு என்னைக் கேக்காம மூடிக்கறதா?"

"தானா மூடுறதுதானுங்க அதோட வேலையே. தொட்டி ஒழுகறத அடைச்சுட்டா..."

"தொட்டி வேற பிரிவு. அதுல நாம தலையிடப்படாது."

மேலதிகாரியின் ஒப்புதலின்றித் தன்னிச்சையாகச் செயல்பட்ட குற்றத்துக்காக வால்வு தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது. அதாவது, திறந்த நிலையில் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

செங்கோடன் காளையைப் பிடித்துக்கொண்டு டிப்போவுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, என்ற மாடு மறுபடி வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க. டீசல் வாசம் பட்டாப் போதும், கப்புனு மூடிக்குது."

தாமஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தானாவே மூடுதா?"

"ஆமாங்க."

"மூடுனா என்ற ரூமுக்குள்ள தண்ணி வராதே?"

"மாடு வாய மூடுனா உங்க ரூமுக்குள்ள எப்புடிங்க தண்ணி வரும்?"

அன்றே ஆணை பிறந்தது. காளை, 'உயிருள்ள தானியங்கி வால்வு' என்ற பதவியில் நியமிக்கப்பட்டது. தினமும் காலையில் குட்டையை மோந்து பார்த்து வாயை மூட வேண்டும். பணி முடிந்ததும் டிப்போ செலவில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, வயிறு நிறைய நல்ல தண்ணீர்.

காளை கொழுத்தது. ஊரார் தங்கள் மாடுகளோடு வாசலில் வரிசை கட்டினார்கள். "என்ற எருமைக்கு மூக்கு இன்னும் கூர்மைங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் ஆட்டுக்குச் சிபாரிசு பிடித்து வந்தார். மனிதாபிமான அடிப்படையில் எல்லாமே தற்காலிக வால்வுகளாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

மனசு கேட்காமல் ஹரிதா ஒரு நாள், நடப்பது நடக்கட்டும் என்று, ஒழுகலை அடைக்க ஃபிட்டரோடு வந்தார். ஊரே திரண்டு தொட்டியை மறித்து நின்றது. முன்னால் செங்கோடன், இரண்டு கையையும் கூப்பியபடி.

"அம்மணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, ஒழுகறது ஒழுகட்டும். நீங்க அடைச்சுப்போட்டீங்கன்னா, இத்தன மாட்டுக்கும் நாங்க எங்கீங்க போய் வேல தேடறது?"