சராசரி வயது நானூற்றுப் பன்னிரண்டு

திரையில் நோயாளிகளின் சராசரி வயது 412 என்று வந்து நின்றது.

மருத்துவமனையின் புள்ளிவிவரக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குள் அறிக்கை டைரக்டருக்குப் போக வேண்டும். புள்ளிவிவரக்காரரின் வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டரிலும் டைரக்டர் இன்றுதான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. இரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளியவர்.

வயதைக் கணக்கிடும் வரிகள் தனி ஃபைலில் இருந்தன. புரோகிராம் ஓடும்போது அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். மாதக்கணக்கை வருடமாக்காமல் விட்டிருப்பார்கள் என்று மருத்துவமனை முழுக்கப் பயன்படுத்தும் பொது ஃபோல்டரில் போய்த் திறந்தார். பன்னிரண்டால் வகுக்கும் வரி ஜம்மென்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை வகுத்துவிட்டு ஓட்டினார்.

412.

"அந்த ஃபைலை அது படிக்குதான்னு முதல்ல பாரு தம்பி," என்றாள் பக்கத்து சீட்டு அக்கா. "எல்லாருக்கும் நூறு வயசுன்னு போடு. நூறு வந்தா படிக்குது."

போட்டார். 412.

"சேவ் பண்ணியா?"

"மூணு தடவை பண்ணிட்டேன்கா."

"அப்ப இன்னும் பெருசா ஏதாவது போட்டுப் பாரு."

எல்லாரும் கர்ப்பிணி என்று ஒரு வரி சேர்த்தார், ஆண்கள் வார்டு உள்பட. புரோகிராம் அசைந்து கொடுக்கவில்லை. மூன்றரை ஆகியிருந்தது. எரிச்சலில் ஃபைலில் இருந்த அத்தனையையும் அழித்துச் சேமித்தார். இதற்கும் மசியாமல் 412 என்றது.

"காலியான ஃபைலை வெச்சு எப்படிக்கா கணக்குப் போடுது?"

அக்கா எழுந்து வந்து, புரோகிராமின் முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். "இது பொது ஃபோல்டரையே பார்க்கலையே. உன் கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய நகலைத்தான் கூப்பிடுது. போன மாசம் பொதுவுல சரி பண்ணினாங்க, உன் நகலை யாரும் மாத்தல."

அவருக்கு உயிர் வந்தது. நகலில் ஒரே ஒரு வகுத்தல் சேர்த்தார். 34. மனிதர்களுக்கு வரக்கூடிய வயது. அறிக்கையை அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு டைரக்டரின் பியூன் வந்தார், கையில் கையெழுத்தாகாத ஆர்டருடன்.

"சார், மேடம் இதை ஓரமா வெச்சுட்டு உங்களை உடனே வரச் சொன்னாங்க, வெளியூர் டாக்டருங்களுக்குப் பெரிய திரையில காட்டிக்கிட்டிருந்த கணக்குல, நம்ம நோயாளிங்க எல்லாரும் நூறு வயசு கர்ப்பிணியாகி, இப்ப ஒருத்தர்கூட இல்லாம காணாமப் போயிட்டாங்களாம்."