முன் பிரேக்குக்கு நான் செய்த வைத்தியம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கையில் ஒயில் கேன் இருந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

இருபத்திரண்டு வயதில் இந்த வியாதி முற்றியிருந்தது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பேக்டரியில், கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்கு ஒயில் விடுவது என் உத்தியோகம். மெஷின் கிறீச்சிட்டால் ஒயில், இறுகினால் ஒயில், சும்மா இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஒயில். மூன்று வருடம் இதையே செய்தவனுக்கு, ஒயில் விட்டுத் தீராத கஷ்டம் உலகத்தில் இல்லை என்றே தோன்றும். (எங்கள் லயத்து வீடுகளில் ஒரு கதவும் சத்தம் போடாது. புருஷன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்றே தெரிவதில்லை என்று பெண்கள் என்னைத் திட்டியதுண்டு.)

அந்த வருடம் என் அக்கா ஸ்டெல்லாவுக்குப் பதுளையில் ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, விஞ்ஞானப் பாடம். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு மூன்று வருடமாக அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. “படிச்சது போதும், பேரப் பதிஞ்சு கொழுந்து பறிக்க அனுப்புங்க” என்று கங்காணி ஏற்கனவே இரண்டு தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் தடவை வந்தால் அம்மா ஒத்துக்கொண்டுவிடுவாள்.

ஆறு மணிக்குப் பஸ் இருந்தது. நல்ல பஸ். அதில் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“பஸ்ஸுல போனா சேலை கசங்கிரும்க்கா. நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் வாசல்லயே எறக்கிவிடுறேன்.”

“யாரு ஸ்கூட்டர்டா?”

“பெரிய கிளாக்கர் ஐயாவோடது.”

தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த ஸ்கூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று அது மட்டும்தான். கேட்டதும் தந்துவிட்டார். தந்தபோதே ஒன்று சொன்னார்.

“தம்பி, முன் பிரேக் கொஞ்சம் இறுக்கமாய்க் கிடக்கு. கையை விட்டாலும் கெதியா விடுகுதில்லை. கராஜில ஒருக்காக் காட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு போம். நீர் ஒண்டும் நோண்ட வேண்டாம்.”

இறுக்கம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மீதி எதுவும் விழவில்லை.

திங்கட்கிழமை மாலை வைத்தியத்தைத் தொடங்கினேன். முதலில் பிரேக் லீவரின் மூட்டில் இரண்டு சொட்டு விட்டேன். லீவர் உடனே லேசாக அசைந்தது. அந்த இரண்டு சொட்டு சரிதான் என்று பின்னாளில் அறிந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஹேண்டிலுக்குப் பக்கத்தில், மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஆறிப்போன பிளேன்டீ நிறத்தில் ஏதோ கொஞ்சம். பாவம், வற்றிப்போய்விட்டது என்று நினைத்தேன். அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பேக்டரியின் முதல்தர ரோலர் ஒயிலை விளிம்புவரை ஊற்றி, லீவரைப் பத்து நிமிஷம் அமுக்கி அமுக்கி உள்ளே அனுப்பினேன். (மூடியில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை எழுதியிருந்தது. கம்பெனிக்காரர்கள் தங்கள் ஒயிலை விற்பதற்காக எழுதுவது என்று முடிவு செய்தேன்.)

வியாழன் காலை ஆறு மணிப் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அக்கா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பண்டாரவளைவரை ராஜ சவாரி. அதற்குப் பிறகு ஸ்கூட்டர் கொஞ்சம் முக்க ஆரம்பித்தது. நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

“என்னமோ கருகுற வாடை வருதுடா.”

“பக்கத்துல பேக்டரி இருக்குக்கா. தேயில காய வைக்கிறாங்க.”

“தேயில வாடை எனக்குத் தெரியாதா?”

தெமோதரை தாண்டி ஹாலிஎலவுக்கு இறங்கும் வளைவொன்றில் முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது. விட்டேன். அது விடவில்லை. முன் சில்லு கல்லாக நின்றது. நல்ல வேளை, வேகம் இல்லை. ஸ்கூட்டர் சாவகாசமாகச் சரிந்து, எங்கள் இருவரையும் வீதியோர வடிகால் கானுக்குள் இறக்கிவிட்டது. வாசலில் இறக்கிவிடுவதாகத்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா எழுந்ததும் முதலில் சான்றிதழ்க் கோப்பைத் தேடி எடுத்துத் துடைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். டிஸ்க்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் லீவரை இன்னும் நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தேன் (அது இன்னும் நன்றாக இறுகிக்கொண்டது). பிறகு சீட்டைத் திறந்து ஒயில் கேனை எடுத்தேன்.

அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கித் தேயிலைக்குள் எறிந்தாள். அதுவரை அவள் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்ததில்லை.

“மணி எட்டு அஞ்சு. முன் பக்கத்தத் தூக்கு” என்றாள்.

கீழே இருநூறு அடி தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது, வாசலில் பழைய டயர்கள். நானும் நேர்முகப் பரீட்சைச் சேலை கட்டிய என் அக்காவும் ஸ்கூட்டரின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின்சில்லில் உருட்டியபடி இறங்கினோம். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள், எந்தக் கல்யாண வீட்டுச் சீதனம் போகிறது என்று கேட்டார்கள்.

கொட்டகை சுனில் பாஸுடையது. மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் சிங்களவர், தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார். முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, சின்ன ஸ்பேனரால் ஒரு திருகாணியை அரைச்சுற்றுத் திறந்தார். கறுப்பாக ஒன்று பீய்ச்சியடித்தது. சில்லு தானாகச் சுழன்றது. பாஸ் விரலால் அதைத் தொட்டு மோந்து பார்த்தார்.

“தம்பி, இதுக்கு என்ன ஊத்தினது?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“ரோலர் ஒயில்” என்றாள் அக்கா.

பாஸ் சிரிக்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது. லீவர்ப் பக்கத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, புதிய வளையம் ஒன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையது ஊறிய உளுந்துவடைபோல வீங்கியிருந்தது.

“பிரேக் ஒயில் வேற. இந்த ஒயில் போனா ரப்பர் குடிக்கும், வீங்கும். ஒயில் திரும்பி வர்ற ஓட்டை மூடும். அப்ப பிரேக் விடாது. சூடு வந்தா இன்னும் இறுகும்.”

சேலையில் சேறு, கையில் கறுப்பு, மணி எட்டரை. அந்த நிலையிலும் அக்கா அவரிடம் இரண்டு கேள்வி கேட்டாள். பழைய எண்ணெய் ஏன் ரப்பரை வீங்கச் செய்யவில்லை, சூட்டுக்கு ஏன் இறுகுகிறது என்று. பாஸ் கை அசைவுகளால் மீதித் தமிழை நிரப்பிப் பதில் சொன்னார். பிறகு வீங்கிய வளையத்தையும் புதியதையும் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார்.

“டீச்சர் வேலைக்கா போறது? ஏறு மகள்” என்று தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: “தம்பி கடையைப் பார். ஒண்டும் தொடாதே.”

இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த செபமெல்லாம் முடிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அக்கா பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளே கேள்வி கேட்பவர்கள் மூன்று பேர். அவர்களில் ஓர் அம்மா, “கை ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டாராம். அக்காவுக்குப் பொய் வரவில்லை. காகிதத்தைப் பிரித்து இரண்டு வளையங்களையும் மேசையில் வைத்து, என் வைத்தியத்தைத் தொடக்கத்திலிருந்து விளக்கிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லையாம். மூன்று மாதத்தில் நியமனம் வந்தது. கங்காணி மூன்றாம் தடவை வந்தபோது அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கடிதத்தைக் காட்டினாள்.

பாஸ் திருத்திக் கொடுத்த ஸ்கூட்டரைக் கனகசபை ஐயாவிடம் ஒப்படைத்து, எல்லாவற்றையும் சொல்லித் தலைகுனிந்து நின்றேன். அவர் குனிந்து முன் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

“அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவவோ?”

“போயிட்டாங்கய்யா.”

“அப்ப சரி. திரும்பத் தேவையெண்டால் வந்து கேளும். ஒயில் கேனை மட்டும் பேக்டரியில வைச்சுப்போட்டு வாரும்.”

இந்த இரண்டு மனிதர்களையும் நான் இன்றும் மறக்கவில்லை. சுனில் பாஸ் வீட்டுக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக் கேக் போகிறது. வீட்டில் ஜாம் போத்தல் மூடி இறுகிக்கொண்டால் அம்மா இப்போதும், “சேவியரக் கூப்பிட்டுறாதீங்க, நாங்களே தெறந்துக்கிறோம்” என்பாள்.

போன வருடம் பதுளையில் ஒரு கராஜுக்கு என் ஸ்கூட்டரைக் கொண்டுபோனேன். முன் பிரேக் லேசாக இறுகியிருந்தது. கராஜ்காரருக்கு முப்பது வயது இருக்கும். பிரேக் பெட்டி மூடியைத் திறக்குமுன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“சேர், இதுக்குள்ள ஒயில் ஏதும் ஊத்தினீங்களா?”

“சே. யாராவது ஊத்துவாங்களா?”

“ஊத்துவாங்க சேர். எங்க ஸ்டெல்லா டீச்சர் ஒன்பதாம் ஆண்டு வகுப்புல ரெண்டு ரப்பர் வளையத்தக் கொண்டாந்து காட்டி, அப்படி ஒரு ஆளப் பத்திச் சொன்னாங்க. அன்னைக்கிருந்துதான் எனக்கு இந்தத் தொழில் மேல ஆசையே வந்துச்சு.”

நான் ஸ்கூட்டரைப் பார்த்தபடி கேட்டேன். “அந்த ஆளு அப்புறம் என்ன ஆனாராம்?”

“இன்னும் திருந்தலயாம் சேர். ஆனா அந்த ஆளு மட்டும் இல்லாட்டி நான் இங்க டீச்சரா நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்னு, வருஷா வருஷம் சொல்லித்தான் அந்தப் பாடத்த முடிப்பாங்களாம்.”

இருபது வருடத்தில் அக்கா என்னிடம் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்தபோதுதான், சீட்டுக்கு அடியில் என் சின்ன ஒயில் கேன் இருப்பது ஞாபகம் வந்தது. அவர் உள்ளே ஸ்பேனர் எடுக்கப் போன நேரத்தில் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அந்தச் சட்டையின் கறை இன்னும் போகவில்லை.