பின்னறையில் ஓர் எல் போர்டு

இல்லை அத்தை, கடவுச்சொல்லை நான் மறக்கவில்லை. தொலைபேசியில் நீங்கள் கேட்ட வேகத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் கடிதம். வணக்கம் சற்றுப் பிந்தி வருகிறது, பொறுத்தருள்க.

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, தங்கள் ஓட்டுநர் பள்ளிக்கு இணையதளம் கட்டியவளும் தங்கள் தம்பி மகளுமாகிய நான் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும் மகளும் புதுப் பேத்தியும் நலம்தானே?

இணையதளமும் நலம்.

"திங்கட்கிழமைக்குள்ள அது எந்திரிக்கலன்னா இழுத்து மூடிட்டு நீ அந்த வங்கி வேலைக்குப் போ" என்றீர்கள். இன்று ஞாயிறு. நான் வங்கிக்குப் போகவில்லை.

நடந்தது இது. தளம் இருப்பது வெளியே ஒரு வாடகைக் கணினியில், மாணவர் விவரங்கள் இருப்பது நம் அலுவலகப் பின்னறைக் கணினியில், ஏனென்றால் "நம்ம ஆளுங்க விவரம் நம்ம கூரைக்குள்ளதான் இருக்கணும்" என்பது உங்கள் உத்தரவு, இரண்டுக்கும் திடீரென்று பேச்சுவார்த்தை நின்றுபோனது, வகுப்புக்குப் பதிய யார் வந்தாலும் 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்ற ஒற்றை வாக்கியம், நான் கடவுச்சொல்லை மாற்றினேன், மாற்றியதை மாற்றினேன், முகவரியை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன், இருந்த பாதுகாப்புத் தடுப்புகளையெல்லாம் நீக்கினேன், பயந்துபோய்த் திரும்பப் போட்டேன், மாமா வேறு எட்டிப் பார்த்து "இன்னும் ஸ்டார்ட் ஆகலையாம்மா? கிளட்ச மெதுவா விடு" என்கிறார், மறுநாள் காலை எல்லாம் தானாகச் சரியாகியிருந்தது, என்னை நானே மெச்சி முடிப்பதற்குள் மதியம் மறுபடி படுத்துவிட்டது, அதற்கடுத்த நாளும் அப்படியே, காலையில் உயிர், மதியம் சாவு.

நேற்று மதியம் பின்னறையில் ஓரமாக நின்றேன். கணினியின் உறுமலைக் கேட்டபடி. வகுப்பு முடித்த மாமா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். சுவர் சுவிட்சைத் தட்டினார். போய்க்கொண்டே இருந்தார்.

அமைதி. எனக்கு அமைதி பிடிக்கும். அது பிடிக்கவில்லை.

"மாமா! ஏன் அணைச்சீங்க?"

"சீட்டுல ஆள் இல்லையே. ஆள் இல்லாம இன்ஜின் ஓடலாமா? மொத வகுப்புலயே சொல்லிக் குடுத்தேனே."

"இது வண்டியில்ல மாமா."

"ஓடுதுல்ல?"

இதற்குப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

காலையில் அலுவலகம் திறந்ததும் எல்லாச் சுவிட்சையும் போடுபவரும் அவர்தான். உயிர் கொடுப்பதும் அவர், எடுப்பதும் அவர். உங்கள் விதியும் உங்கள் கணவரின் விதியும் ஒரே அறையில் மோதிக்கொண்டால் தளம் பாவம் என்ன செய்யும்?

சுவிட்சை மறுபடி போட்டு, பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். நின்று படித்தார். "ஆமாமா, தெரியாதவங்க தொட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அணைத்தார்.

அப்போதுதான் தோன்றியது. பழகுகிறவர்களின் வண்டியில் கட்டும் சிவப்பு எல் போர்டு ஒன்றை எடுத்துவந்து, மறுபடி ஓடவிட்ட கணினியின் முகத்தில் கட்டினேன்.

மாமா நின்றார். "கத்துக்கிட்டிருக்கா?"

"ஆமா மாமா."

"அப்ப அதும்பாட்டுக்கு ஓடட்டும். பழகுறப்ப நடுவுல கை வைக்கக் கூடாது." குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

அதன்பின் தளம் விழவில்லை, அத்தை! பதிவுகள் வந்தபடி இருக்கின்றன. முதலில் பதிந்தவர் என் அம்மா, அவரை விட்டுவிடலாம். மற்றவர்கள் அசல் மனிதர்கள். மகிழ்ச்சியை எழுத்தில் ஆடிக்காட்ட எனக்கு வராது, அறையில் ஆடிவிட்டேன்.

பேத்திக்கு முத்தம். உங்கள் ஆசி வழக்கம்போலத் திட்டாகவே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
வங்கிக்குப் போகாத மருமகள்

பி.கு.: நாளைக் காலை அங்கு வரும் அப்பாவிடம் கொடுத்தனுப்ப, இந்தக் கடிதத்தோடு தெருமுனைவரை வந்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது மின்விசிறி, விளக்கு, பின்னறை என்று வரிசையாக எல்லாவற்றையும் அணைத்தது இப்போதுதான் உறைக்கிறது. மாமா நல்ல ஆசிரியர். இதோ, கைபேசியில் நீங்கள் அழைக்கிறீர்கள். எடுக்கவில்லை. ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.