பால்காரர் பேசினால் கொட்டாவி

ஹாலிவுட்,
மார்ச் 9, 1938

அன்பும் மரியாதையும் மிக்க ஹாட்டி அக்காவுக்கு, தம்பி ஆரின் எழுதிக்கொள்வது. இங்கு நான் உடம்பளவில் சுகம். அங்கு நீயும் லெஸ்டர் அத்தானும் அவருடைய பால்வண்டிக் குதிரையும் சுகமாக இருக்க வேண்டும்.

அத்தானை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சிரிப்புப் படத்தை எழுதினேன். ஒரு பால்காரர், ஊரையே விழுங்கப் பார்க்கும் கோடீஸ்வரரை எதிர்த்து ஆறு நிமிஷம் பேசுகிறார். "தினமும் உங்க வாசப்படியை மிதிக்கிறவன் நான். எந்த வீட்ல அடுப்பு எரியலைன்னு எனக்குத்தான் தெரியும்!" அத்தான் சாப்பிடும்போது சொன்னது, ஒரு எழுத்து மாற்றவில்லை. படித்துவிட்டு எங்கள் ஸ்டூடியோ முதலாளி கிரப்னர் மூக்கைச் சிந்தினார். "ஜனங்க சொல்றதுதான்யா எனக்கு வேதம்" என்பார் அவர், தன் நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டே.

படம் வெளிவருமுன் ஒரு சின்ன ஊரில் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் அட்டையில் அபிப்பிராயம் வாங்குவது இங்கே வழக்கம். அட்டைகள் மோசமாக வந்தால் என் வேலை போய்விடும். என் கெட்ட நேரம், உங்கள் ஊரிலேயே போட்டார்கள். கோடீஸ்வரராக நடித்த பிரெண்டிஸ் வந்தாலே விசில். பால்காரர் வாயைத் திறந்ததும் பாதிப்பேர் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டார்கள். 'பணக்காரர் வீட்டு மாடிப்படியை இன்னும் காட்டுங்கள்' என்று ஒரு அட்டை, 'அவர் நாய் அருமை' என்று இன்னொன்று, அப்புறம் ஊதா மையில் ஒன்று: 'பால்காரர் வேண்டாம். என் வீட்டிலேயே ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கிறார்.' பெயர் போடாவிட்டால் அந்தக் கோழிக்கிறுக்கலை எனக்குத் தெரியாதா? உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா அக்கா?

"ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டாங்கய்யா" என்றார் கிரப்னர். "அந்தப் பேச்சைத் தூக்கிப் பணக்காரர் வாயில வை."

"சார், அவர்தானே வில்லன்!"

"நேத்து வரைக்கும்."

படத்தில் பால்காரர் இப்போது அந்தக் கோடீஸ்வரருக்குக் கார்க்கதவு திறந்துவிடுகிறார். வேறொரு ஊரில் மறுபடி போட்டார்கள். பட்டு அங்கியும் சுருட்டுமாக பிரெண்டிஸ் "வாசப்படியை மிதிக்கிறவன் நான்" என்றாரே பார்க்கலாம், தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. யாரோ ஒருவர் என் தோளில் சாய்ந்து அழுதார். ராஜினாமா எழுதிவிட்டேன். சனிக்கிழமை அங்கே வருகிறேன், இனி அத்தானோடு பால்வண்டியில் போய் மானத்தோடு பிழைப்பேன். உன்னை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை கர்த்தர் உங்கள் வீட்டை ஒரு குறையுமின்றி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி
ஆரின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிரெண்டிஸ் ஆள் அனுப்பினார். கவர்னர் தேர்தலுக்கு நிற்கிறாராம். இன்று காலை ரேடியோவில் அதே வாசப்படிப் பேச்சைப் பேசினாராம். இனிமேல் பேச்செல்லாம் நான்தான் எழுத வேண்டுமாம். சரி என்றுவிட்டேன், சனிக்கிழமை வரவில்லை. கூச்சத்தோடு அத்தானுக்குப் போன் போட்டு, ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். "பிரெண்டிஸுக்குத்தான் மாப்ளே! நம்ம மனசுல இருக்கறதை அப்படியே சொல்றாரே மனுஷன். நமக்கெல்லாம் அப்படிப் பேச வருமா?" என்றார்.